உணவுக்குழாய் அகற்றும் அறுவை சிகிச்சை: விரைவில் உடல் தேற ஆய்வுகள் காட்டும் வழி என்ன?

மும்பை: உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் மூக்கில் செருகப்படும் மெல்லிய குழாயை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை காண, மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 150 நோயாளிகளின் ஒப்புதலுடன் ஒரு மருத்துவச் சோதனையை நடத்தினர். அதன் முடிவு 2012-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறுவை சிகிச்சை இதழில் வெளியானது.

மூக்கில் குழாயுடன் ஒரு வாரம் படுத்திருந்தவருக்கு அந்தக் கேள்வி சிறியதல்ல. தொண்டை எரியும், எச்சில் விழுங்கினால் உறுத்தும், இருமுவதற்கே அச்சமாக இருக்கும். ஆனால் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளி நன்றாக இருமியாக வேண்டும். இருமாவிட்டால் சளி நுரையீரலில் தேங்கி நிமோனியாவுக்கு வழிவிடும். அறுவை அரங்கில் பல மணி நேரம் நடந்த வேலையின் பலன், அடுத்த பத்து நாட்களில் படுக்கையருகே எடுக்கப்படும் இத்தகைய முடிவுகளால் காக்கப்படவும் கூடும், கெடவும் கூடும். அந்த முடிவுகளில் பல, நெடுங்காலமாக வழக்கத்தின் பேரில் எடுக்கப்பட்டு வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் பணி கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல இடங்களில் நடந்துள்ளது.

நோயின் பரவல்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. இந்தியாவில் இந்த எண்ணிக்கை சுமார் 70 ஆயிரம். உயிரிழப்போரின் எண்ணிக்கையும் அதற்கு மிகவும் நெருக்கமாக இருப்பதே கவலைக்குரியது. உணவு இறங்கவில்லை என்ற அறிகுறி தெரிவதற்குள் நோய் பெரும்பாலும் முற்றிவிடுவதே இதற்குக் காரணம்.

மேலை நாடுகளில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில், நெடுநாள் அமில எதுக்களிப்பையும் உடல் பருமனையும் தொடர்ந்து வரும் சுரப்பித்திசுப் புற்றுநோய் மிகுதி. இந்தியாவில் அதிகம் காணப்படுவது வேறு வகை. புகையிலை, மது, வெற்றிலை பாக்கு ஆகியவற்றுடன் தொடர்புடைய செதிள்செல் புற்றுநோய் இது. மகாராஷ்டிரத்தில் 2012-ஆம் ஆண்டு முதல் குட்கா தடை செய்யப்பட்டிருந்தாலும், பீடி, சுண்ணாம்பு கலந்த புகையிலை, பற்களில் தேய்க்கும் கருக்கிய புகையிலையான மிஷ்ரி ஆகியவை மறைந்துவிடவில்லை. 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என அதே முகமை 2016-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. ஆவி பறக்கத் தேநீர் அருந்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இரு வகை நோயாளிகளும் உடல்நிலையில் வேறுபடுகின்றனர். மேலை நாட்டு நோயாளி பெரும்பாலும் பருமனானவர். இந்திய நோயாளியோ பல வாரங்களாகக் கஞ்சியும் பாலும் மட்டுமே இறங்கிய நிலையில், எடை இழந்து மருத்துவமனைக்கு வருகிறார். வெளிநாட்டு ஆய்வு முடிவுகளை அப்படியே இங்கு பொருத்திப் பார்க்க இயலாமைக்கு இது முக்கியக் காரணம்.

அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். தொண்டையில் தொடங்கி, மூச்சுக்குழலுக்குப் பின்னும் முதுகெலும்புக்கு முன்னும் இறங்கி, இதயத்தை ஒட்டிச் சென்று, உதரவிதானத்தைத் துளைத்து இரைப்பையில் முடிகிறது. கழுத்து, மார்பு, வயிறு என உடலின் மூன்று பகுதிகளை அது கடப்பதால், அதை அகற்ற இவற்றுள் இரண்டையோ மூன்றையோ திறக்க வேண்டியுள்ளது.

நியூயார்க்கில் 1913-ஆம் ஆண்டு ஃப்ரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர் மார்புப் பகுதி உணவுக்குழாயை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார். அகற்றிய இடத்தில் எதையும் இணைக்க அவரால் இயலவில்லை. கழுத்துத் துளையையும் வயிற்றுத் துளையையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, அதன் வழியே உண்டபடி அந்த மூதாட்டி மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ரப்பர் குழாயின் வேலையை இன்று நோயாளியின் சொந்த இரைப்பையே செய்கிறது. இரைப்பையைச் சில சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட குழாயாக வெட்டித் தைத்து, மார்புக்குள் மேலே இழுத்து, எஞ்சிய உணவுக்குழாயுடன் மார்பிலோ கழுத்திலோ இணைக்கின்றனர்.

பின்னர் வரும் பெரும்பாலான சிக்கல்களின் வேர் இங்கேதான் உள்ளது. மேலே இழுப்பதற்காக இரைப்பையின் பெரும்பாலான ரத்தக்குழாய்கள் துண்டிக்கப்படுகின்றன. வலப்புறக் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு தமனியே அந்தப் புதிய குழாய் முழுவதற்கும் முதன்மையாக ரத்தம் தருகிறது. தையல் போடப்படும் நுனியோ அந்தத் தமனியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போல, அங்கு ரத்தம் குறைந்தால் தையல் ஆறாமல் கசிவு ஏற்படலாம். வேகஸ் நரம்பு வெட்டப்படுவதால் இரைப்பையின் கீழ்வாய் எளிதில் திறக்காது. உணவும் நீரும் தேங்கும். அமிலம் மேலெழாமல் தடுத்துவந்த வால்வும் உணவுக்குழாயுடன் போய்விடுகிறது. குரல்நாணுக்குச் செல்லும் நரம்பு நைந்தால் குரல் கம்மும். விழுங்குவது மூச்சுக்குழலுக்குள் நழுவும்.

சிக்கல்களைப் பொது வரையறையின்படி பதிவு செய்த 14 நாடுகளின் 24 பெரிய மருத்துவமனைகளில் 2,704 நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டு 2017-ஆம் ஆண்டு வெளியாயின. அவர்களில் 59 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் ஏற்பட்டிருந்தது. தையல் கசிவு 11.4 விழுக்காடு, நிமோனியா 14.6 விழுக்காடு. 30 நாட்களுக்குள் இறந்தோர் 2.4 விழுக்காடு, 90 நாட்களுக்குள் 4.5 விழுக்காடு. நன்கு தேர்ந்த மருத்துவமனைகளின் கணக்கு இது என்பதை மறந்துவிடலாகாது. மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின்னும் ஆபத்து நீடிப்பதை 30 நாள், 90 நாள் எண்களுக்கு இடையேயான வேறுபாடு காட்டுகிறது.

பரேல் சோதனை

மூக்குக் குழாய்க்கு வருவோம். நம் மருத்துவமனைகளில் 'ரைல்ஸ் ட்யூப்' என்று அழைக்கப்படும் இக்குழாய், மூக்கின் வழியே இரைப்பைக்குள் சென்று அங்கு தேங்கும் நீரையும் காற்றையும் வெளியேற்றும். தேக்கம் இருந்தால் புதிய தையல் இழுபடும். தேங்கியது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகும். ஆகவே ஆறு முதல் பத்து நாட்கள் வரை குழாயை விட்டுவைப்பதே பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. இந்த வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் எதிர் வாதத்திலும் தர்க்கம் இருக்கிறது: குழாய் இருப்பதாலேயே நோயாளி சரிவர இருமுவதில்லை, தொண்டையின் காப்பு குலைகிறது, அதனாலும் நுரையீரல் கெடலாம். தர்க்கத்தால் மட்டும் தீராத இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கே மருத்துவச் சோதனை தேவைப்படுகிறது.

டாடா நினைவு மருத்துவமனை 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தொடங்கப்பட்டது; 1962-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கி வருகிறது. அதன் மார்பு அறுவை சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த ஆர்.சி. மிஸ்திரி, சி.எஸ். பிரமேஷ் உள்ளிட்ட மருத்துவர்கள், 150 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவில் 75 பேருக்கு 48 மணி நேரத்தில் குழாய் அகற்றப்பட்டது. மற்றொரு பிரிவில் 75 பேருக்கு வழக்கம்போல் ஆறு முதல் பத்து நாட்கள் வரை வைக்கப்பட்டது. குலுக்கல் என்பது இங்கு அலட்சியம் அல்ல. யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தேறக்கூடியவர் என்று அவர் நினைப்பவருக்கே முதலில் குழாயை எடுப்பார். முடிவு தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பெரிய நுரையீரல் சிக்கல்களும் தையல் சிக்கல்களும் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அவை ஏற்பட்டன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, குழாயைச் சீக்கிரம் எடுப்பதால் தையல் விட்டுப்போகும் என்ற அச்சத்துக்கு இச்சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. நோயாளிகள் தாங்களே மதிப்பெண் இட்டுச் சொன்ன உபாதை, நீண்ட நாள் குழாய் வைத்திருந்த பிரிவில் தெளிவாக அதிகம்.

ஆனால் முடிவின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் எடுத்த பிரிவில் 23 பேருக்குக் குழாயை மீண்டும் செருக நேர்ந்தது. மற்றப் பிரிவில் அப்படி நேர்ந்தது 7 பேருக்கு மட்டுமே. மூக்கில் மறுபடி குழாய் ஏற்றுவது இன்பமான அனுபவம் அன்று. புதிய தையலைக் கடந்து அதைச் செலுத்துவதற்குக் கைத்தேர்ச்சியும் வேண்டும். எனவே இச்சோதனை எல்லோருக்கும் இரண்டாம் நாளில் குழாயை எடுத்துவிடலாம் என்று கூறவில்லை. பத்தில் ஏழு பேருக்கு அது தேவையின்றியே வைக்கப்பட்டிருந்தது என்றும், எஞ்சிய மூவரைக் கண்காணிக்க ஆளும் ஏற்பாடும் வேண்டும் என்றும் புரிந்துகொள்வதே சரி.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய விரைவுத் தேறுதலுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-ஆம் ஆண்டில் உணவுக்குழாய் அகற்றலுக்கென விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூக்குக் குழாயைக் கைவிடச் சொல்லாமல், தகுந்த நோயாளிகளுக்கு இரண்டாம் நாளிலேயே அகற்றுவதைப் பரிசீலிக்குமாறு அது கூறுகிறது. இப்பரிந்துரைக்கு ஆதாரமான சான்றுகளில் மும்பைச் சோதனையும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

சிறு துளைகளின் வழியே

மார்பைப் பக்கவாட்டில் நீளமாகக் கீறி, விலா எலும்புகளை விரித்துச் செய்யும் அறுவையில் வலி மிகுதி. வலிக்கு அஞ்சி ஆழ மூச்சிழுக்காதவருக்கு நிமோனியா எளிதில் வரும். கீறலுக்குப் பதில் சிறு துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்தால் என்ன என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது.

இதில் தமிழகத்தின் பங்கு கவனத்துக்குரியது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புத் துளைகளின் வழியே உணவுக்குழாயை விடுவிக்கும் முறையில், கோவையைச் சேர்ந்த மருத்துவர் சி. பழனிவேலுவும் அவரது குழுவினரும் 130 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை 2006-ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை சிகிச்சைக் கல்லூரியின் இதழில் வெளியிட்டனர். குப்புறப் படுக்கும்போது நுரையீரலும் இதயமும் தாமாக முன்னோக்கிச் சரிந்து உணவுக்குழாய் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும். ரத்தமும் பார்வையை மறைக்காமல் கீழே வடியும். புவியீர்ப்பு விசையையே உதவியாளராக்கிக்கொண்ட இம்முறை பின்னர் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

ஒரு குழுவின் அனுபவம் எவ்வளவு சிறந்ததாயினும் ஒப்பீட்டுச் சோதனைக்கு ஈடாகாது. அந்த ஒப்பீடு ஐரோப்பாவில் நடந்தது. 115 நோயாளிகளைக் கொண்ட சோதனையின் முடிவு 2012-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வந்தது. இதிலும் துளைவழி அறுவை குப்புறப் படுத்த நிலையிலேயே செய்யப்பட்டது. முதல் இரு வாரங்களில் நுரையீரல் தொற்று கண்டவர்கள் திறந்த அறுவையில் 29 விழுக்காடு. துளைவழி அறுவையில் 9 விழுக்காடு. பின்னர் பிரான்சில் 207 நோயாளிகளிடம் நடந்து 2019-ஆம் ஆண்டு வெளியான சோதனையில், வயிற்றுப் பகுதியை மட்டும் துளைவழியே செய்து மார்பை வழக்கம்போல் திறந்தனர். அப்போதும் பெரிய சிக்கல்கள் 64 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாகக் குறைந்தன. இங்கு வெட்டு பாதி குறைந்ததற்கே பலன் கிடைத்தது. துளைவழிக் கருவிகள் அனைத்தும் கைவசம் இல்லாத மருத்துவமனைகளுக்கு இது நல்ல செய்தி.

எப்போது வாய்வழி உண்ணலாம்?

நோயாளியின் குடும்பத்தினர் முதல் நாளிலிருந்தே கேட்கும் கேள்வி இது. பட்டினி கிடந்து வந்தவரை மேலும் ஒரு வாரம் வாயில் தண்ணீர் படாமல் வைத்திருப்பதை உறவினரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. செவிலியர் பார்க்காதபோது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. அறுவையின்போதே சிறுகுடலில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி அதன் வழியே திரவ உணவு தருவது பரவலான வழக்கம். இது தையலைத் தொடாமல் உடலுக்கு ஊட்டம் தருகிறது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 280 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு மறுநாளே வாய்வழி உணவு தொடங்கப்பட்டது. மறுபிரிவினருக்கு ஏழாம் நாளில். 2018-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, சிக்கல்கள் அதிகரிக்கவில்லை. குடல் இயக்கம் சீக்கிரம் திரும்பியது. நெதர்லாந்தை மையமாகக் கொண்டு நடந்து 2020-ஆம் ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில் 132 பேர் பங்கேற்றனர். உடனே வாய்வழி உண்டவர்கள் தேற ஆன காலம் நடுமதிப்பில் 7 நாட்கள். ஐந்து நாள் காத்திருந்தவர்களுக்கு 8 நாட்கள். புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. கசிவும் நிமோனியாவும் கூடவில்லை.

இவற்றைப் படித்துவிட்டு வீட்டிலிருந்து ரசஞ்சாதம் கொண்டுவந்துவிடக் கூடாது. இச்சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்குத் தரப்பட்ட உணவு படிப்படியாகத் திட்டமிடப்பட்டது. கசிவின் முதல் அறிகுறியைக் கண்டவுடன் நிறுத்துவதற்கு ஆட்கள் அருகே இருந்தனர். மருத்துவர் அனுமதிக்கும் வரை ஒரு சொட்டும் தரலாகாது என்ற விதி இன்றும் மாறவில்லை. எந்த நாளில் அனுமதிப்பது என்பதில்தான் மருத்துவர்களிடையே கருத்து மாறி வருகிறது.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் கீமோதெரபியோ, அதனுடன் கதிர்வீச்சும் சேர்த்தோ தரப்பட்டு, சில வாரங்கள் கழித்தே அறுவை செய்யப்படுகிறது. இந்த இடைவெளி, உடலைத் தயார்ப்படுத்தக் கிடைத்த காலமாகப் பார்க்கப்படுகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்து 2018-ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய சோதனையில், 51 பேரின் தரவுகள் ஆராயப்பட்டன. உடற்பயிற்சியும் ஊட்டச்சத்து ஆலோசனையும் பெற்றவர்கள், ஆறு நிமிடங்களில் நடக்கும் தூரத்தில் அறுவைக்கு முன்பும் பின்பும் மற்றவர்களை விஞ்சினர்.

நன்மை தரும் என எல்லோரும் நம்பிய ஒன்று தராமலும் போயிருக்கிறது. மூச்சிழுக்கும் தசைகளை வலுப்படுத்தும் கருவிப் பயிற்சியை அறுவைக்கு முன் பல வாரங்கள் செய்தால் நிமோனியா குறையும் எனக் கருதப்பட்டது. ஐரோப்பாவில் 200-க்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. தசை வலுப்பெற்றது, நோய் குறையவில்லை. இதனால் மூச்சுப் பயிற்சியே வீண் என்று கொள்ளலாகாது. அறுவைக்குப் பின் பிசியோதெரபி நிபுணரின் துணையுடன் ஆழ மூச்சிழுப்பது, இருமுவது, கூடிய சீக்கிரம் எழுந்து நடப்பது ஆகியவை வழிகாட்டு நெறிகளில் உறுதியாக இடம்பெற்றுள்ளன. மூன்று பந்துகள் கொண்ட ஊதுகருவியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதே தவறு.

புகையிலையை விடுவதற்குச் செலவே இல்லை. அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பாவது நிறுத்துமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கும் குறைவான காலமே இருந்தாலும் நிறுத்துவதே நலம்.

எங்கே செய்துகொள்வது?

அமெரிக்காவில் முதியோருக்கு நடந்த அறுவைகளை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், உணவுக்குழாய் அகற்றலை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளுக்கும் மிக அதிகமாகச் செய்யும் மருத்துவமனைகளுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் கூடுதலான வேறுபாடு தெரிந்தது. அறுவை நிபுணரின் கைத்திறன் மட்டும் இதற்குக் காரணமல்ல. நான்காம் நாள் இரவில் நாடித்துடிப்பு ஏறுவதைக் கண்டு கசிவு என்று ஐயுறும் செவிலியர், அந்நேரத்திலும் சிடி ஸ்கேன் எடுக்கக்கூடிய வசதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியான படுக்கை ஆகிய அனைத்தும் பழக்கத்தால் அமைபவை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இவ்வகையில் ஒரு வாய்ப்பு உண்டு. மாட்டுங்காவிலிருந்து மத்திய ரயில் பாதையில் தாதரை அடுத்த நிலையம் பரேல். அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் இரண்டு நாள் பயணம் செய்து வந்து, தாதரில் உள்ள காட்கே மகாராஜ் தர்மசாலையில் இடம் கிடைக்குமா எனக் காத்திருக்கும் குடும்பங்களோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்தே தொடர் பரிசோதனைக்கு வந்து போவது சிறிய வசதியன்று. எனினும் கூட்டத்தின் காரணமாக எல்லா இடங்களிலும் காத்திருப்பு உண்டு. தாராவியை ஒட்டிய சயானில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் முதல் எண்டோஸ்கோபியைத் தாமதமின்றிச் செய்துகொள்வது, காலத்தை மிச்சப்படுத்தும். திட உணவு தொண்டைக்குக் கீழே சிக்குவதாக இரண்டு வாரங்களுக்கு மேல் தோன்றினால், அதை வாயுக் கோளாறு எனத் தள்ளிவைப்பது கூடாது.

மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சைகளும் அடங்கும். தேவைப்படும் ஆவணங்களை, சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டறிந்துகொள்வது நல்லது. அவசர நேரத்தில் குடும்ப அட்டையைத் தேடி ஊருக்குத் தொலைபேசியில் அழைக்கும் நிலை அடிக்கடி காணக்கூடியதே.

ஆய்வில் சேரச் சொன்னால்

பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுவோரிடம் ஆய்வில் பங்கேற்கச் சம்மதமா என்று கேட்கப்படலாம். 'நம்மை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களா' என்ற அச்சம் இயல்பானதே. பரேல் சோதனையைப் போன்றவற்றில் புதிய மருந்து எதுவும் இல்லை. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள இரு வழிகளில் எது மேல் என்பது மட்டுமே ஒப்பிடப்படுகிறது.

இந்தியாவில் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சோதனையின் விவரங்களை அதில் எவரும் இணையத்தில் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளின்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கமளித்த பின்னரே ஒப்புதல் பெறவேண்டும். மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவம் புரியாத தமிழ் நோயாளி, தமிழில் விளக்கம் கேட்பதற்கு உரிமையுடையவர். மறுத்தாலும், சேர்ந்த பின் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையலாகாது. வீட்டில் மூத்த மகனோ மருமகனோ கையெழுத்திட்டுவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. தெளிவான நினைவுடன் இருக்கும் நோயாளியின் ஒப்புதலுக்கு அது மாற்றாகாது.

அறுவையே வேண்டாமா?

கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பின் புற்றுநோய் முற்றிலும் மறைந்துவிட்டதாகத் தெரிந்தால், உடனே அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்து, நோய் திரும்பினால் மட்டும் அறுவை செய்யலாமா என்று நெதர்லாந்தில் 309 பேரிடம் ஆராயப்பட்டது. 2025-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவில், இரண்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தோர் கண்காணிப்புப் பிரிவில் 74 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 71 விழுக்காடு. ஆனால் அங்கு பங்கேற்றவர்களில் பெரும்பாலானோர் சுரப்பித்திசுப் புற்றுநோய் உடையவர்கள். மேலும், குறித்த நாளில் தவறாமல் எண்டோஸ்கோபிக்கும் ஸ்கேனுக்கும் வந்தாலன்றி இம்முறை செல்லாது. சிகிச்சை முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, அடுத்த முறை நோய் முற்றியபின் வரும் நிலை இருக்கும்வரை இந்திய மருத்துவர்கள் இதில் தயங்குவது நியாயமே.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையை விட்டு வந்த பின் தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். இரைப்பை இப்போது பையாக இல்லாமல் குழாயாக இருப்பதால், மூன்று வேளைச் சாப்பாடு பொருந்தாது. நாளுக்கு ஆறு முதல் எட்டு முறை சிறிது சிறிதாக உண்ணவேண்டும். சாம்பாரில் ஊறிய அரை இட்லி, குழைந்த பருப்புச் சாதம், முட்டை, தயிர், நன்கு வெந்த மீன் ஆகியவற்றை மென்று விழுங்கலாம். உணவுடன் ஒரு குவளை தண்ணீரையும் சேர்த்துக் குடித்தால் வயிறு உடனே நிரம்பிவிடும். தண்ணீரை இடையிடையே தனியாக அருந்துவது மேல்.

பாயசம், இனிப்புக் கலந்த பானங்கள் ஆகியவை விரைந்து சிறுகுடலுக்குள் இறங்கி, உண்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை ஏற்படுத்தக்கூடும். இதை இதய நோய் என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. இனிப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் பெரும்பாலும் கட்டுப்படும்.

உண்டவுடன் படுப்பது கூடாது. தடுக்கும் வால்வு இல்லாததால் அமிலமும் பித்தநீரும் தொண்டை வரை வந்து, உறக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்கலாம். தலைப்பக்கம் உயர்ந்திருக்குமாறு படுக்கையை அமைத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். ஓர் அறையில் ஐந்தாறு பேர் தரையில் பாய் விரித்து உறங்கும் தாராவி வீட்டில் சாய்வுக் கட்டிலுக்கு இடம் ஏது? தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்து மடங்குமே தவிர மார்பு உயராது. சுவரில் சாய்த்துச் செருகிய பலகையின் மேல் மெத்தையை மடித்துப் போட்டு, இடுப்புக்கு மேல் முழுவதும் சரிவாக இருக்குமாறு செய்தால் போதுமானது. மருத்துவமனைக் குறிப்பேட்டில் இது எழுதப்பட்டிராது; விடுவிக்கும் நாளில் பிசியோதெரபி நிபுணரிடம் கேட்டு ஒருமுறை செய்து காட்டச் சொல்லலாம்.

எடை தொடர்ந்து குறைந்தாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், மார்பு வலி, உண்ணும்போது இருமல் ஆகியவை தோன்றினாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே செல்லவேண்டும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து உணவு மீண்டும் சிக்கத் தொடங்கினால், நோய் திரும்பிவிட்டது என்றே பலர் முடிவு கட்டி, வெளியே சொல்லாமல் மறைக்கின்றனர். பல நேரங்களில் அது தையல் ஆறும்போது தழும்பு சுருங்கியதால் ஏற்பட்ட அடைப்பு மட்டுமே. எண்டோஸ்கோபி வழியே அதை விரிவாக்கிவிடலாம்; ஒரு முறையில் சரியாகாதபோது சில முறை செய்யவேண்டியிருக்கும், பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பிவிடலாம்.